ஒரே வாணலியில் சாசேஜும் உருளைக்கிழங்கும்: எதை முதலில் போடுவது?

மாலைப்பசி:

அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்து வீடு திரும்பியபின் இரண்டாவது பாத்திரத்தைக் கழுவக்கூடத் தெம்பு இல்லாத நாட்களுக்காக, சாசேஜையும் உருளைக்கிழங்கையும் ஒரே வாணலியில் சமைத்து இறக்கப் பழகிக்கொள்ள மூன்று வாரங்களாக முயன்றுவருகிறேன். மூன்று முறையும் ஒரே முடிவுதான்: சாசேஜ் வெளியே கருகி உள்ளே வறண்டுவிடுகிறது, கிழங்கோ மேலே பழுப்பேறியிருந்தும் நடுவில் கடித்தால் நறுக்கென்கிறது.

என் முறை இது. 600 கிராம் கிழங்கை ஏறக்குறைய 3 செ.மீ. துண்டுகளாக நறுக்குகிறேன். 450 கிராம் சாசேஜை வட்டமாக அரிகிறேன். 26 செ.மீ. நான்ஸ்டிக் வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, வெங்காயம், பூண்டு உட்பட எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, தீயைக் கூட்டிவைத்து, 25 நிமிடம் விடாமல் கிளறுகிறேன். இதில் எந்த இடத்தில் தவறுகிறேன் என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இருப்புச்சட்டி:

வணக்கம். உங்கள் அளவுகளைப் படித்தவுடனேயே காரணம் புலப்பட்டுவிட்டது. வெவ்வேறு நேரம் தேவைப்படும் இரண்டு பொருள்களை ஒரே நொடியில் அடுப்பேற்றுகிறீர்கள்.

சாசேஜின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசை எட்டினாலே போதும், அது வெந்ததாகும். கிழங்கின் கதை வேறு. அதிலுள்ள மாவுச்சத்து 60 முதல் 70 பாகைக்குள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும் என்றாலும், உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை 80 பாகைக்கு மேல் சென்ற பிறகே தளரத் தொடங்குகிறது; ஆகவே துண்டின் நடுப்பகுதி கொதிநிலையை நெருங்கி, அங்கே சில நிமிடங்கள் நிலைத்திருந்தால்தான் கரண்டி பட்டதும் மசியும் பதம் வரும். இதில் துண்டின் பருமனுக்குப் பெரும் பங்குண்டு. வெப்பம் உள்ளே ஊடுருவ எடுக்கும் நேரம் பருமனின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 3 செ.மீ. துண்டை 1.5 செ.மீ. ஆக்கினால் நேரம் பாதியாகக் குறையாமல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்தாலே உங்கள் இரவு உணவு பாதி பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஈரம். கிழங்கின் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது; பொன்னிறமும் முறுகலான மேல்தோலும் கிடைக்க 140 பாகையாவது வேண்டும். வேகவைப்பதற்கு நீராவி உதவுகிறது, சிவக்கவைப்பதற்கு அதே நீராவி இடைஞ்சலாகிறது. எனவே இரண்டு வேலைகளையும் பிரித்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. நான் செய்வது பின்வருமாறு.

நறுக்கிய 600 கிராம் கிழங்கை வாணலியில் பரப்பி, 100 மில்லிலிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து, மூடியிட்டு மிதமான தீயில் எட்டு நிமிடம் வைப்பேன். அதற்குள் கத்திமுனை தடையின்றி இறங்கும். பிறகு மூடியை எடுத்துவிட்டால் எஞ்சிய நீர் சுண்டி எண்ணெய் மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் சளசளவென்ற ஒலி மாறிப் படபடவென்று பொரியும் ஒலி கேட்கும், அதுதான் அடையாளம். அங்கிருந்து இரண்டு மூன்று முறை மட்டும் பிரட்டி, பத்து நிமிடம் சிவக்கவிட்டு, அதன்பின் வெங்காயத்தையும் சாசேஜையும் சேர்க்கிறேன்.

இன்னொன்று. உங்கள் வாணலி சிறியது. 30 செ.மீ. வாணலியின் பரப்பு 26 செ.மீ. வாணலியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடந்தால் அடியில் இருப்பவை விடும் ஆவியில் மேலே இருப்பவை அவிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் வறுபடமாட்டா.

தணல்:

இருப்புச்சட்டி சொன்ன அறிவியலில் எனக்கு மாறுபாடு இல்லை. வரிசையில்தான் கடுமையான மாறுபாடு. சாசேஜைக் கடைசியில் சேர்ப்பவர், அந்தச் சாசேஜ் தரக்கூடிய மிகச் சிறந்த ஒன்றைக் குப்பையில் போடுகிறார் என்பேன். அதாவது அதன் கொழுப்பை.

சாசேஜை முதலில், சூடேறாத வாணலியிலேயே வைத்து, எண்ணெய் விடாமல், மிதத்திற்கும் சற்றுக் குறைவான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெல்ல உருட்டி உருட்டிச் சிவக்கவிடுங்கள். கொழுப்பு உருகி வாணலியில் தேங்கும். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டும். சாசேஜை ஒரு தட்டுக்கு மாற்றிவிட்டு, அதே கொழுப்பில் கிழங்கைப் போட்டு, நண்பர் சொன்னபடியே தண்ணீர் விட்டு மூடுங்கள். அந்தத் தண்ணீர் அடியில் ஒட்டிய படலத்தைக் கரைத்துக் கிழங்குக்குள் கொண்டுசேர்க்கும். தனியே எண்ணெயில் வறுத்த கிழங்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை உண்டவர் மறக்கமாட்டார்.

இடம் பற்றிய கணக்கும் என் பக்கமே நிற்கிறது. 1.5 செ.மீ. துண்டுகளாக்கிய 600 கிராம் கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பினால் 30 செ.மீ. வாணலியின் அடிப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் அதுவே அடைத்துக்கொள்ளும். பிறகு சாசேஜ் எங்கே உட்கார்ந்து சிவக்கும்? கிழங்கின் முதுகில் ஏறித்தான் இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனி முறை எடுத்துக்கொண்டு வாணலியைத் தொட்டால்தான் இரண்டுக்கும் நிறம் கிடைக்கும்.

இருப்புச்சட்டி:

இடக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன்; அது நான் கவனிக்கத் தவறியது. ஆனால் தணல் சொல்லும் முறை பச்சைச் சாசேஜுக்கு மட்டுமே முழுதாகப் பொருந்தும். ஏற்கெனவே வேகவைத்தோ புகையிட்டோ விற்கப்படும் சாசேஜ் பன்னிரண்டு நிமிடச் சூட்டைத் தாங்காது. மாலைப்பசி, உங்கள் சாசேஜ் பொட்டலத்தின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது?

மாலைப்பசி:

இப்போதுதான் எடுத்துப் படித்தேன். "முழுமையாகச் சமைக்கப்பட்டது, சூடாக்கி உண்ணவும்" என்றிருக்கிறது. ஏற்கெனவே வெந்த பொருளை, அதுவும் வில்லைகளாக அரிந்து, 25 நிமிடம் முழுத் தீயில் வறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது செருப்புத் தோலைப்போல ஆனதில் வியப்பில்லை.

அளவுக்கரண்டி:

இந்த இழையில் வரிசையைப் பற்றிப் பேசிய இருவரும் எதிரெதிராகத் தோன்றினாலும், கேள்விக்கு விடை சாசேஜின் வகையிலேயே அடங்கியிருக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பச்சைச் சாசேஜ் என்பது அரைத்த இறைச்சியை உறைக்குள் அடைத்தது, அவ்வளவுதான். முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு உள்ளே எங்கும் பரவிவிடுகிறது. ஆகவே நடுப்பகுதிவரை வேகவைப்பது கட்டாயம்: பன்றி, மாடு, ஆட்டிறைச்சியானால் 71 பாகை, கோழியானால் 74 பாகை. வெப்பமானி வைத்திருப்பவர்கள் அதைப் பக்கவாட்டில் குத்தாமல் சாசேஜின் முனை வழியாக நீளவாக்கில் செருகினால்தான் சரியான நடுப்பகுதியை அளக்கும். சாறும் குறைவாகவே ஒழுகும்.

நிறத்தை மட்டும் நம்பவே வேண்டாம். நைட்ரைட் உப்பு சேர்த்துப் பதப்படுத்திய சாசேஜ் நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அதைப் பச்சையென்று எண்ணி மேலும் மேலும் வறுத்துப் பாழாக்குபவர்கள் உண்டு. மாறாக, நைட்ரைட் சேராத பச்சைச் சாசேஜ் 71 பாகையை எட்டுமுன்பே பழுப்பாகி, வெந்ததுபோல ஏமாற்றுவதும் உண்டு. அந்த உப்பைச் சேர்ப்பதற்கு நிறம் ஒரு காரணமென்றால், பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரைத் தடுப்பது இன்னொரு காரணம். அந்த நோயின் பெயரே சாசேஜைக் குறிக்கும் "பொட்டுலுஸ்" என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் கெட்டுப்போன சாசேஜ்களை உண்டு நோயுற்றவர்களை ஆராய்ந்து 1820-லும் 1822-லும் அதைப் பற்றி நூல்கள் வெளியிட்டார். சமையல் இழையில் இதைச் சொல்வது சற்று அதிகப்படிதான், ஆனால் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் தூக்கி எறிபவர்களுக்கு இது நினைவில் நிற்கட்டும்.

தணல் கூறிய முறையில் ஓர் எச்சரிக்கை. சாசேஜை அரைவேக்காட்டில் எடுத்து வெளியே வைத்தால், அது தட்டில் விட்ட சாற்றையும் சேர்த்து மீண்டும் வாணலியில் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பரிமாறுவதற்கு அதே தட்டைக் கழுவாமல் பயன்படுத்தக்கூடாது. முள்கரண்டியால் குத்தித் துளையிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாசேஜ் வெடிப்பது துளையில்லாததால் என்பதைவிடத் தீ மிகையாக இருப்பதால்தான். மெதுவான தீயில் உறை தானாகவே இளகிக் கொடுக்கும்.

கிழங்குப்பிரியை:

சாசேஜுக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடந்துவிட்டது, கிழங்கை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று வருந்தி எழுதுகிறேன்.

கிழங்கில் இரண்டு குணமுண்டு. மாவுச்சத்து மிகுந்தது வெந்தவுடன் பொலபொலவென்று உதிரும். ஓரங்கள் கரைந்து எண்ணெயில் மொறுமொறுப்பாகும், ஆனால் அடிக்கடி கிளறினால் கூழாகிவிடும். ஈரப்பசை மிகுந்த, வெட்டினால் வழுவழுப்பாக இருக்கும் வகையோ வெந்த பின்னும் வடிவம் கலையாமல் நிற்கும். வாணலியில் மூடிவைத்து வேகவைக்கும் இந்தச் சமையலுக்கு இரண்டாவது வகையே எளிது. முதல் வகைதான் கையில் இருக்கிறதென்றால், நறுக்கியதும் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு, மேலே ஒட்டிய மாவு நீங்கும்படி அலசி, துணியால் ஒற்றியெடுங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது.

நறுக்கிய கிழங்கு வேகுமுன் தக்காளி, எலுமிச்சைச் சாறு, வினிகர், கடுகு விழுது போன்ற எந்தப் புளிப்பையும் வாணலியில் சேர்க்காதீர்கள். இருப்புச்சட்டி குறிப்பிட்ட பெக்டின் புளிப்பில் எளிதில் கரைவதில்லை. அரைமணி நேரம் கொதித்தாலும் கிழங்கு விறைப்பாகவே நிற்கும். இதே உண்மையைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம்: வேகவைக்கும் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்தால் துண்டுகளின் மேற்பரப்பு மட்டும் விரைவில் இளகிச் சொரசொரப்பாகும், பிறகு வறுபடும்போது அந்தச் சொரசொரப்பே மொறுமொறுப்பான மேலோடாக மாறும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்புச் சுவை வந்துவிடும். நான் அந்தத் தவறையும் செய்து பார்த்தவள்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கு ஏன் சீக்கிரம் கருகுகிறது என்று வியந்திருப்பீர்கள். குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரைதான் வாணலியில் உள்ளே வேகுமுன் வெளியே கறுப்பதற்குக் காரணம். மாவுப்பொருள்களை 120 பாகைக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருள் உருவாவதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002-இல் அறிவித்த பிறகு, கரும்பழுப்பாக வறுக்காமல் பொன்மஞ்சளில் நிறுத்துங்கள் என்ற அறிவுரை பரவலாயிற்று. சுவைக்கும் அதுவே சரியான நிறம். பச்சை படர்ந்த இடங்களையும் முளைகளையும் தாராளமாகச் செதுக்கிவிடுங்கள்; பெரும்பகுதி பச்சையானால் கிழங்கையே ஒதுக்கிவிடுங்கள், அதிலுள்ள சொலனின் வேகவைப்பதால் நீங்காது. தோல் மெல்லியதாக இருந்தால் உரிக்க வேண்டிய வேலையே இல்லை.

சூளை:

அடுப்பின் முன் நிற்கவே விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு சொல். ஓவன் தட்டை உள்ளே வைத்தபடியே 220 பாகைக்குச் சூடாக்கி, எண்ணெயில் புரட்டிய கிழங்கைப் பரப்பி, இருபது நிமிடம் கழித்து முழுப் பச்சைச் சாசேஜ்களையும் தடித்த வெங்காயத் துண்டுகளையும் இடையிடையே வைத்து, மேலும் இருபது அல்லது இருபத்தைந்து நிமிடம் விட்டால் முடிந்தது. நடுவில் ஒருமுறை மட்டும் திருப்பினால் போதும். நேரம் வாணலியைவிடக் கூடுதல், ஆனால் அந்த நேரம் முழுவதும் உங்களுடையது.

மாலைப்பசி:

நேற்று இரவு செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து 30 செ.மீ. எஃகு வாணலி ஒன்றை இரவல் வாங்கினேன். 1.5 செ.மீ. துண்டுகள், 100 மில்லிலிட்டர் தண்ணீர், எட்டு நிமிடம் மூடி, பிறகு திறந்து சிவக்கவிட்டது; எல்லாம் சொன்னபடியே. வாழ்க்கையில் முதன்முறையாக என் வாணலியில் நடுப்பகுதி வெந்த கிழங்கைக் கண்டேன். வெந்த சாசேஜை வில்லைகளாக அரிந்து கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்ததால் அதுவும் சாறோடு இருந்தது.

குறைகள் இரண்டு. கிழங்கு அடியில் ஒட்டிக்கொண்டது. சட்டுவத்தால் சுரண்டியபோது பொன்னிற மேலோடு வாணலியிலேயே தங்கி, வெறும் கிழங்கு மட்டும் கையோடு வந்தது. அடுத்து, வெங்காயத்தோடு போட்ட பூண்டு கருகிக் கசந்தது.

தணல்:

ஒட்டியது என்றால் பொறுக்காமல் திருப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். மேலோடு முழுதாக உருவானதும் பெரும்பாலும் தானே வாணலியை விட்டுக் கழன்று வரும். அதற்கு முன் தொட்டால் பிய்ந்துதான் வரும். மூடியைத் திறந்து நீர் சுண்டிய பிறகு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சேர்த்து, நான்கு நிமிடம் கைகளைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒரு துண்டை மட்டும் நெம்பிப் பாருங்கள். வராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம். மீண்டும் நான்ஸ்டிக்குக்கே திரும்பினால் வெறும் வாணலியை முழுத் தீயில் காயவிடாதீர்கள், 260 பாகைக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

பூண்டுக்குக் கடைசி ஒரு நிமிடமே போதும். பூண்டு மணம் எழுந்தவுடன், ஒரு மேசைக்கரண்டி வினிகரும் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் கலந்து ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கலக்கிவிடுங்கள். கிழங்கு வெந்துவிட்டதால் இப்போது புளிப்பு அதை ஒன்றும் செய்யாது; சாசேஜின் கொழுப்புச் சுவை தெவிட்டாமலும் இருக்கும். உப்பை இதற்குப் பிறகு ருசி பார்த்தே சேருங்கள், சாசேஜிலேயே போதுமானது இருக்கும்.

இலைவடிவன்:

நான் இறைச்சி உண்பதில்லை. தாவரப் புரதத்தில் செய்த சாசேஜை இதே முறையில் பயன்படுத்தலாமா?

கிழங்குப்பிரியை:

பயன்படுத்தலாம், ஆனால் தணலின் முறை உங்களுக்கு உதவாது; பெரும்பாலும் அதிலிருந்து உருகி வரக்கூடிய கொழுப்பு மிகக் குறைவு. கிழங்கை எண்ணெயில் முடித்து, ஒரு பக்கமாக ஒதுக்கி, காலியான இடத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சாசேஜை அரியாமல் முழுதாக வைத்து பொட்டலத்தில் குறிப்பிட்ட நேரம் மட்டும் சிவக்கவிடுங்கள். அரிந்து கிளறினால் உதிர்ந்துவிடும். கொழுப்பிலிருந்து வர வேண்டிய மணத்தைப் புகையிட்ட மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி ஈடுசெய்யும்.

அளவுக்கரண்டி:

மிஞ்சியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரத்திற்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாட்கள்வரை நன்றாக இருக்கும். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் கிழங்கு சவசவத்துவிடும். வாணலியில் பரப்பி, நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக்குவதே மேல். உள்ளே 74 பாகை வந்திருக்க வேண்டும்.

மாலைப்பசி:

இரண்டாவது அறிக்கை. தணலின் முறையையும் நேர்மையாகச் சோதித்துவிட வேண்டும் என்று இம்முறை பச்சைச் சாசேஜையே வாங்கினேன், 30 செ.மீ. வார்ப்பிரும்பு வாணலி ஒன்றும் சொந்தமாக வாங்கிவிட்டேன். சாசேஜ் பன்னிரண்டு நிமிடம், மூடிய கிழங்கு எட்டு நிமிடம், திறந்து சிவந்தது பதினொரு நிமிடம், வெங்காயத்தோடு சாசேஜும் அதன் சாறும் மீண்டும் சேர்ந்து வெந்தது ஆறு நிமிடம், வினிகர் ஒரு நிமிடம். நறுக்கிய நேரம் நீங்கலாக மொத்தம் 38 நிமிடம். முந்தைய முறையில் இது 25 நிமிடத்தில் முடிந்தது. சுவையில் தணல் வென்றார் என்பதை மறைக்க முடியாது; கிழங்கின் ஒவ்வொரு துண்டிலும் சாசேஜின் மணம் ஏறியிருந்தது. ஆனால் வாரத்தின் நடுவில், பசியோடு நிற்கும்போது, அந்தப் பதின்மூன்று நிமிட வேறுபாடு சிறியதல்ல. எனவே வேலைநாட்களில் வெந்த சாசேஜும் இருப்புச்சட்டியின் வரிசையும், விடுமுறைக்கு முந்தைய இரவில் பச்சைச் சாசேஜும் தணலின் வரிசையும் என்று வைத்துக்கொள்ளப் போகிறேன்.

புதிய வாணலியைச் சோப்பு நீரில் ஊறவைத்திருக்கிறேன். அது ஊறட்டும், நாளை படத்தோடு வருகிறேன்.

இருப்புச்சட்டி:

நாளைவரை காத்திருக்காதீர்கள், தயவுசெய்து இப்போதே எழுந்து போய் வாணலியைத் தண்ணீரிலிருந்து எடுங்கள். வார்ப்பிரும்பு இரவு முழுவதும் ஊறினால் காலையில் துருப்பிடித்திருக்கும். தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து ஈரம் போக்கி, சூட்டோடு அரைத் தேக்கரண்டி எண்ணெயைத் தடவிவிட்டுப் படுக்கச் செல்லுங்கள்.

மாலைப்பசி:

எடுத்துவிட்டேன். ஓரத்தில் மட்டும் லேசாகச் செம்மை படர்ந்திருந்தது, தேய்த்ததில் போய்விட்டது. எண்ணெய் தடவி அடுப்பின்மேலேயே வைத்திருக்கிறேன்.